பிரகாசி அக்காவின் பூனையைச் சாக்கில் கட்டி அனுப்பினேன்

சனிக்கிழமை தோறும், நோயாளிகளைப் பராமரிக்கிற நம் விடுதிக்கு ஒரு நாய் வருகிறது. போன வாரம் பழைய ஆட்களைப் பார்க்க நான் வந்திருந்தபோது, அது கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கியது. புதிதாக ஆயா வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திச் சிரித்தீர்கள். "நாய்க்கும் டூட்டி உண்டா?" என்று ஒருத்தி கேட்டாள். உண்டு மக்கா. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் இருக்கிற பெண் இதை எழுதினாள். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அழகுக்காக அவளாகச் சேர்த்திருந்த இரண்டு வரியை எடுக்கச் சொன்னேன். ஆனால் என் பெருமை பேசுகிற ஒன்றை மட்டும் எடுக்க விடவில்லை. இருபத்தெட்டு வருஷம் நான் இங்கே ஆயா வேலை பார்த்தேன். என் கையில் இருந்த ஒருவருக்கும் படுக்கைப் புண் வந்தது கிடையாது. அது இருக்கட்டும்.

நாய் வந்து போன பிறகு பிரஷர் பார்த்தால் இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் பெண் சொல்கிறாள். எனக்கு அந்த எண் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு பூனை. அது எனக்குப் படிப்பித்ததை யாரும் வகுப்பு வைத்துப் படிப்பிக்கவில்லை. படிக்க நான் கொடுத்த விலையும் கொஞ்சம் இல்லை.

ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் பெண்கள் வார்டுக்குப் பிரகாசி அக்கா வந்தாள். கடற்கரைக்காரி, அறுபத்தாறு வயது. தலையில் மீன் பெட்டி சுமந்து கொட்டாரம், சுசீந்திரம் என்று தெருத்தெருவாக விற்றுப் பிழைத்தவள். ஒரு நாள் காலையில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் கையை நீட்டி விலை கேட்டவள், நீட்டின கையோடு விழுந்துவிட்டாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

பேச்சு போயிற்று என்றேனே, முழுசாகப் போகவில்லை. வசவு மட்டும் மிச்சம் இருந்தது. தண்ணீர் என்று சொல்ல வராது. பெற்ற மகளின் பெயர் வராது. ஆனால் "சவமே" என்பது சுத்தமாக வரும். மூளையில் பேச்சு ஓரிடத்திலும் வசவு வேறோரிடத்திலும் இருக்குமாம், டாக்டர் சொன்னார். அக்காவுக்கு இரண்டாவது இடத்தில் ஒரு சேதமும் இல்லை.

அவளுக்கு ஒரே மகள், குவைத்தில் நர்ஸ். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீடியோவில் வருவாள். நான் போனைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவள் என்னிடம் சொன்னாள். "தங்கம்மக்கா, அடுத்த லீவுல வந்து ஒரு முடிவு எடுக்கணும். அம்மா செவரப் பிடிச்சு நடந்து, தானா அள்ளித் தின்னா வீட்டுலயே வைக்கலாம். அடுத்த வீட்டுல சித்தி உண்டு. ஊட்டி விடணும்னா சித்தியால முடியாது, அவளுக்கே முட்டுவலி. அப்பம் வீட்ட பூட்டிட்டு, அம்மாவ ஒங்ககிட்டயே விட்டுட்டுப் போறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

பேச வராதவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். நாம் அடிக்கடி மறப்பது அதைத்தான். அன்று சாயங்காலமே பிரகாசி அக்கா கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரைக்கும் போய் வந்தாள். ஒரு மாதத்தில் கால் தேறிவிட்டது. கைதான் மசியவில்லை.

பிசியோ டாக்டரம்மா வாரத்துக்கு இரண்டு நாள் நாகர்கோவிலிலிருந்து வருவாள். சின்னப் பெண், நல்ல பொறுமைசாலி. கையில் வைத்து அமுக்க ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். அக்கா அதை இடது கையால் வாங்கி, ஜன்னல் வழியாக வயலில் போட்டாள். அடுத்த முறை துணி காயப்போடுகிற கிளிப் பத்துக் கொடுத்து, ஒரு கம்பியில் மாட்டிக் கழற்றச் சொன்னாள். "சவமே" என்று பதில் வந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அக்கா, இவங்களுக்கு நான்னா பிடிக்கல்லியா?" என்று கேட்டாள். "ஒங்கள இல்ல டாக்டரம்மா, கிளிப்பத்தான் பிடிக்கல்ல. துணி ஒண்ணும் காயப் போடல்லியே, பின்ன அது என்னத்துக்கு?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை அது. சொன்ன எனக்கே அதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

சாப்பாடு நான் ஊட்டுவேன். இடது கையால் சாப்பிட அக்கா ஒப்பவில்லை. அவளுடைய மானம் அப்படி. நான் ஊட்டினால் ஒரு பருக்கை கீழே சிந்தாது, ஒருவருக்கும் புரை ஏறாது. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் மீன். பெரும்பாலும் சாளைதான். மீன் நாளில் மட்டும் அக்கா ஒரு காரியம் செய்வாள். சோற்றை என் கையால் வாங்கித் தின்றுவிட்டு, மீனைத் தட்டில் வைத்துவிட்டுப் போ என்று தலையை ஆட்டுவாள். பிறகு தின்பாள் போல என்று தட்டைப் பின்பக்க வராந்தாவில் அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு ஊட்டப் போவேன். திரும்பி வரும்போது மீன் இருக்காது. வயலில் எலி பிடித்துக்கொண்டு திரிந்த ஒரு சாம்பல் நிறப் பூனை, அவள் காலடியில் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருக்கும்.

மாதக் கடைசியில் எடை பார்த்தபோது அக்காவுக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. எங்கள் பெரிய சிஸ்டர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர் அவர். திட்ட மாட்டார், பார்ப்பார். அது போதும். என் வார்டில் எடை குறைந்ததா? யோசித்துப் பார்த்தேன். திருடன் யார் என்று தெரிந்துவிட்டது.

நம் ஊரில் பூனையைத் தொலைக்க ஒரு முறை உண்டு. சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போது அதற்குத் திசை மறந்துபோகும். பிறகு ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும். அந்த முறையில் நான் ஒன்றையும் விடவில்லை. சுசீந்திரம் கோயில் பக்கத்துக் கடைகளுக்குப் பூ இறக்கிவிட்டு, தோவாளைப் பூச்சந்தைக்குக் காலியாகத் திரும்புகிற வேன்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். "அண்ணாச்சி, இத ஒங்க சந்தையில எறக்கி விட்டிருங்க" என்று சாக்கைக் கொடுத்தேன். "உள்ள என்னது அக்கா, குதிக்கு?" என்றார். "கள்ளன்" என்றேன்.

அன்றைக்கு வார்டில் ஒரு காரியத்தைச் சாதித்தவள் மாதிரி நடந்தேன்.

பிரகாசி அக்கா அழவில்லை. அடுத்த மீன் நாளில் வராந்தாவில் உட்கார்ந்து வயலைப் பார்த்தாள். நாலு நாள் பார்த்தாள். பிறகு வராந்தாவுக்கு வருவதையே விட்டுவிட்டாள். வசவும் குறைந்தது. வார்டில் சத்தம் இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, ஆனால் உண்மை அதுதான்.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"அக்கா, இந்தக் கை நல்லா வந்துட்டிருந்துச்சே. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேந்து பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. இப்ப மறுபடி இறுகுது. இடையில என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல்லியே டாக்டரம்மா."

"இந்தக் கையால இவங்க முன்ன ஏதோ செஞ்சிருக்காங்க. நான் கொடுத்த எதையும் செய்யல்ல. அப்ப வேற என்ன செஞ்சாங்க? நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். அன்று மீன் நாள். மதியம் எச்சில் தட்டு கழுவ உட்கார்ந்தேன். பிரகாசி அக்காவின் தட்டில் சாளை முழுசாகக் கிடந்தது, தலையும் வாலும் முள்ளும் சதையுமாக. அப்போதுதான் என் கை நின்றது.

பூனை இருந்த நாளில் அந்தத் தட்டு எப்படித் திரும்பி வரும்? மீன் இருக்காது, முள் இருக்கும். தட்டின் விளிம்பில் வரிசையாக, நடுமுள் ஒரு பக்கம், சின்ன முள் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கும். இரண்டு மாதம் நான் அந்த முள்ளைத் தட்டிப் போட்டுக் கழுவியிருக்கிறேன். எந்தப் பூனை மக்கா முள்ளை வரிசையாக எடுத்து வைக்கும்?

மீன்காரிக்கு மீனைப் பிரிப்பது மூச்சு விடுகிற மாதிரி. இடது கையால் மீனைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன வலது கை விரலால் முள்ளைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, வெறும் சதையைப் பூனைக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு மீனுக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். பூனைக்கு அவசரம் இல்லை. அது காத்திருந்தது. நான்தான் காத்திருக்கவில்லை. பூனைக்கு முள் ஒரு பொருட்டே இல்லை என்று மீன்காரிக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் எடுத்தாள். வந்ததிலிருந்து குளிப்பாட்டுகிறவள், ஊட்டுகிறவள், மருந்து தருகிறவள் என்று எல்லாரும் அவளுக்குக் கொடுக்கிற கையாகவே இருந்தோம். அவளிடம் கை நீட்டி வாங்கினது அந்தப் பூனை ஒன்றுதான். அதைத்தான் நான் மூன்று சுற்றுச் சுற்றி அனுப்பினேன்.

இதை யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். பூனை தானாகப் போயிற்று என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஈரக்கையோடு கொஞ்ச நேரம் அப்படியும் யோசித்தேன். மகள் வர இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. கை வராவிட்டால் அக்காவின் வீட்டுக்குப் பூட்டு. எழுந்து போய்ப் பெரிய சிஸ்டரிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எடை குறஞ்சதுக்குப் பூனைதான் காரணம்னு நீ நெனச்சது தப்பில்ல தங்கம்மா. அவ மீன அது தின்னது உண்மைதான். கேக்காம அனுப்பினியே, அதான் தப்பு."

"ஒங்ககிட்ட கேட்டிருக்கணும் சிஸ்டர்."

"எங்கிட்ட எதுக்கு? அவகிட்ட கேட்டியா?"

"அவளுக்குப் பேச்சு வராதே சிஸ்டர்."

"அதனாலதான் நீ கேக்கல்ல" என்றார்.

இன்றைக்கும் எனக்கு அந்த வார்த்தை வலிக்கும். பேசுகிற ஆளாக இருந்தால், "ஒங்க பூனைய வெரட்டட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன் இல்லையா?

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் தோவாளைக்கு பஸ் ஏறினேன். மடியில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. பூனையைக் கூப்பிட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நான் எங்கே போகிறேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பிச்சியும் அரளியும் துளசியும் குவியல் குவியலாகக் கிடக்கிற சந்தைக்குள் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். பிரித்ததும் நாலு பக்கத்திலிருந்தும் தலை திரும்பியது.

"யாருவே அது, கருவாடு கொண்டாந்தது?"

"அம்மா, இது கோயிலுக்குப் போற பூவாக்கும். அத அங்ஙன தூரக் கொண்டு போங்க."

"நான் பூனை தேடி வந்தேன் மக்கா" என்றேன்.

"பூ வாங்க ஆளு வருவாவ. பூனை வாங்க இப்பதான் ஒருத்தி வந்திருக்கா" என்று ஒருவர் சொல்ல, அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. சிரித்தவரே கடைசியில் கையைக் காட்டினார். "மூலையில மால கெட்டுகவகிட்ட ஒண்ணு நிக்கி. போய்ப் பாருங்க."

நாற்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வாழைநாரில் பூ வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். விரல் போகிற வேகத்தில் நார் கண்ணுக்கே தெரியவில்லை. சாம்பல் பூனை அவள் சேலைத் தலைப்பில் உறங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டதும், "தர மாட்டேன். வந்த அண்ணைக்கே எனக்க மடியில ஏறினதாக்கும்" என்றாள், தலை நிமிராமல்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பையும் சேர்த்துத்தான். மீன்காரி, விழுந்த கை, முள், மகள், பூட்டப்போகிற வீடு. கேட்டுக்கொண்டே கட்டியவள், கை என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் நின்றாள்.

"எந்தக் கை?"

"வலது."

அவள் தன் வலது கையை ஒரு முறை பார்த்தாள். பிறகு பூனையைத் தூக்கி, பூ வந்த ஓலைக் கூடை ஒன்றில் வைத்து, மேலே துணியைக் கட்டிக் கொடுத்தாள். "கொண்டு போங்க அக்கா. இனிம சாக்குல கெட்டாதீங்க" என்றாள். கருவாட்டை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

பெரிய சிஸ்டர் சும்மா விடவில்லை. நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசி போட வைத்தார். வார்டுக்குள் பூனை வரக்கூடாது, பின்பக்க வராந்தாவோடு சரி. மூச்சிழுப்பு உள்ளவர் யாரும் அந்த நேரத்தில் அங்கே உட்காரக்கூடாது. பூனையைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடக்கூடாது. இன்றைக்கு நாய் வரும்போது நீங்கள் பின்பற்றுகிற சட்டமெல்லாம் அந்தப் பூனைக்காகப் போட்டதுதான். இன்னொன்றும் சொன்னார். "இனிம அக்காவுக்கு மீன் ரெண்டு. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அதுக்கு." இவ்வளவு சின்ன வழி எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிரகாசி அக்காவை வராந்தாவுக்குக் கூட்டி வந்து கூடையைத் திறந்தேன். பூனை இறங்கியது. உடம்பெல்லாம் பிச்சிப்பூ வாசனை. அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். மூன்று வாரமாக அடைந்து கிடந்தது அத்தனையும் வந்தது. சவம் மட்டும் இல்லை, கடற்கரையில் உள்ள வசவு முழுக்க ஒன்றுவிடாமல் வந்தது. அன்று வந்திருந்த டாக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டேன். எனக்குரியது அது.

அடுத்த நாளே கை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இறுகின விரல் மீனில் வழுக்கியது. முதல் நாள் ஒரு முள்கூட எடுக்க முடியவில்லை. எனக்குக் கை பரபரத்தது. நான் எடுத்துக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். டாக்டரம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோனாள். இந்த வேலையில் மிகக் கஷ்டமானது அதுதான் மக்கா, உதவி செய்யாமல் நிற்பது. படுக்கையைத் திருப்பவும் குளிப்பாட்டவும் ஒரு மாதத்தில் படித்துவிடுவீர்கள். சும்மா நிற்கப் படிக்க எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நாலு வாரத்தில் முள் மறுபடி விளிம்பில் வரிசை கட்டியது. பிறகு ஒரு நாள் பூனைக்குக் கொடுத்த அதே விரலால் ஒரு பிடி சோற்றைத் தொட்டாள். பாதி மடியில் விழுந்தது, பாதி வாய்க்குப் போனது. நான் துடைக்கப் போகவில்லை.

எல்லாருக்கும் பூனை பிடிக்கும் என்று சொல்லவில்லை. அந்த வருஷமே, பக்கத்துக் கட்டில்காரிக்கும் நல்லது என்று நினைத்து வராந்தாவில் அவள் மடியில் பூனையை வைத்தேன். பயத்தில் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. அங்கேயும் நான் கேட்கவில்லை பாருங்கள். ஒரே தப்பை இரண்டு முறை செய்தவள் சொல்கிறேன், கேளுங்கள். வாய் பேசாவிட்டால் கண்ணைக் கேளுங்கள்.

மகள் வந்தது ஒரு புதன்கிழமை. மீன் நாள். விமானத்தில் வந்த அலுப்போடு நேராக விடுதிக்கு வந்து, வராந்தாவில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் இல்லையா, முதலில் தாயின் கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். நான் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். பழக்கத்தில் கரண்டியை எடுக்கப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பெரிய சிஸ்டர் கதவுப் பக்கம் ஏதோ சீட்டைப் படிப்பது போல நின்றார். அது தலைகீழாக இருந்தது.

பிரகாசி அக்கா அவசரப்படவில்லை. சாளையை இடது கையால் அமுக்கிப் பிடித்தாள். வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுமுள்ளைத் தேடிப் பிடித்தன. ஒரு முறை வழுக்கியது. மறுபடி பிடித்து இழுத்தாள். முள் முழுசாக வந்தது. அதை விளிம்பில் வைத்தாள். சின்ன முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். மகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பூனை எழுந்து நின்று அக்காவின் சேலையை முன்னங்காலால் தட்டியது.

அக்கா சதையை இரண்டு விரலால் எடுத்தாள். பூனையின் பக்கம் கை போகும் என்று நான் நினைத்தேன். கை மேலே போய், மகளின் வாய்க்கு நேரே நின்றது.

மகள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சவமே" என்றாள் அக்கா.

மகள் வாயைத் திறந்தாள். தின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. கீழே பூனை கத்த ஆரம்பித்தது. அக்கா இரண்டாவது மீனை இழுத்து வைத்துக்கொண்டாள்.

மகள் போனை எடுத்தாள். "சித்தி, வீட்ட தொறந்து கழுவி விடு. நாளைக்கி அம்மாவக் கூட்டிட்டு வாரேன்" என்றாள். அந்தப் பக்கம் சித்தி ஏதோ கேட்டாள். மகள் கீழே குனிந்து பார்த்தாள்.

"இல்ல சித்தி, ரெண்டு பேரு. ஒரு பூனையும் உண்டு."